காற்றா, தண்ணீரா?

ஒன்றே ஒன்றைத் தவிர, புதுக் கம்ப்யூட்டருக்கான சாமான்கள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. மாடி அறையில் கட்டில் மேல் பழைய பெட்ஷீட்டை விரித்து எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தேன். மதர்போர்டு, ராம், பவர் சப்ளை, பிஸ்கட் அளவுகூட இல்லாத ப்ராசஸர், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட். அந்தக் கேபினெட்டின் முகப்பில் நிறம் மாறி மாறி எரிகிற மூன்று ஃபேன்கள். சமையல் நடுவில், குளிக்கப் போகும்போது, துணி காயப்போட மாடிக்குப் போகும்போது என்று ஒரு நாளில் பத்துத் தடவையாவது போய்ப் பார்த்திருப்பேன். தொட்டும் பார்ப்பேன்.

நான் வீடுகளுக்கு எலிவேஷன் படம் போடுகிறவள். கட்டப்போகிற வீடு கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே காட்டுகிற வேலை. திருவையாற்றுப் பக்கம் வெளிநாட்டில் சம்பாதிக்கிறவர்கள் வீடுகள் நிறைய எழும்புகின்றன. அவர்கள் அங்கிருந்தபடியே போனில் படத்தைப் பார்த்துத்தான் முன்னால் எத்தனை தூண், கிரில்லுக்கு என்ன கலர் என்று முடிவு செய்வார்கள். வரைவது நான். வரைந்ததை வெயிலும் நிழலுமாக நிஜம் போல ஆக்கித் தருவது கம்ப்யூட்டர். அதை ரெண்டர் போடுவது என்போம். ரெண்டர் போட்டால் ப்ராசஸர் மணிக்கணக்கில் ஓயாமல் உழைக்கும், உழைத்தால் கொதிக்கும். என் பழைய கம்ப்யூட்டர் அந்தச் சித்திரை மாதத்தில் சூடு தாங்காமல் பாதி ரெண்டரில் பொசுக்கென்று அணைந்துபோக ஆரம்பித்திருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் அதிராம்பட்டினத்திலிருந்து அந்த வேலை வந்தது. வியாபாரக் குடும்பம். அண்ணன் தம்பி நான்கு பேர் சேர்ந்து ஊரில் ஒரு கல்யாண மண்டபம் கட்டுகிறார்கள். படம் மட்டும் போதாது, வாசலில் நுழைந்து உள்ளே நடந்துபோகிற மாதிரி வீடியோ வேண்டும் என்றார் மூத்தவர்.

"தம்பிங்க மூணு பேரும் லீவுல வந்திருக்காங்கம்மா. வர்ற வெள்ளிக்கெழமக்குள்ள காட்டிட்டா எல்லாரும் ஒண்ணா உக்காந்து பேசி முடிச்சிடுவோம். அப்புறம் ஆளுக்கொரு நாட்டுக்குப் போயிடுவாங்க. முடியுமா?"

"முடியும் பாய்" என்று சொல்லிவிட்டேன். அதுவரை நான் செய்ததிலேயே பெரிய வேலை அது. போனை வைத்த பிறகு ரெண்டு சுற்று மாடியிலேயே நடந்தேன். கட்டிலில் கிடந்த சாமான்கள் இன்னும் கம்ப்யூட்டராக ஆகவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

பாக்கி இருந்த அந்த ஒரு சாமான், ப்ராசஸரின் சூட்டை எடுக்கிற கூலர். அதில் இரண்டு வகை. ஒன்று காற்று: ப்ராசஸர் தலைமேல் அலுமினியத் தகடுகளை அடுக்கின கோபுரம் மாதிரி ஒன்றை உட்கார வைத்து, பக்கத்தில் ஃபேன் கட்டி ஊதுவது. இன்னொன்று தண்ணீர்: ப்ராசஸர் மேல் சின்ன பம்ப், அதிலிருந்து இரண்டு குழாய், குழாயின் மறுமுனையில் ரேடியேட்டர். திரவம் சூட்டை எடுத்துக்கொண்டு போய் ரேடியேட்டரில் இறக்கிவிட்டுத் திரும்பி வரும். மூன்று வாரமாக இதைப் பற்றிய வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளியிருந்தேன். பார்க்கப் பார்க்க மனசு தண்ணீர்ப் பக்கமே சாய்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புக் குழாய்கள் வளைந்து போகிற அழகு அப்படி.

அண்ணியிடம் சொன்னேன். அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார். எங்கள் அறுவடை மெஷினைக் கட்டி மேய்ப்பது அண்ணிதான். ஓட்டுவதற்கு டிரைவர் உண்டு. ஆனால் எந்த ஊருக்கு எப்போது அனுப்புவது, எந்த பெல்ட் தேய்ந்திருக்கிறது, எந்த பேரிங் கத்துகிறது என்பதெல்லாம் அவர் கையில். அவருக்கும் எனக்கும் ஒரே வயதுதான். சம்பா அறுப்பு முடிந்து மெஷின் வீட்டுக்கு வந்துவிட்டதால், அதைப் பிரித்துப் போட்டு சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை கிரீஸ்.

நான் போனில் படத்தைக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"கரண்டு ஓடுற பொட்டிக்குள்ள தண்ணியா?"

"அடைச்சே வருது அண்ணி. நாம ஊத்தவே வேணாம்."

"ரேடியேட்டர் வேற இருக்கு. ஏன்டி, நான் ஒருத்தி ரேடியேட்டரோட குடும்பம் நடத்துறது போதாதா? போன தை மாசம் நடு வயல்ல ஹோஸ் புட்டுக்கிட்டு நின்னுச்சே, யாரு போயி நின்னா? காத்துலயே ஆறும்னா காத்துலயே ஆற விடு."

ரேடியேட்டரைத் தெரிந்தவர் என் பக்கம் நிற்பார் என்று நினைத்திருந்தேன். தெரிந்ததனாலேயே எதிர்ப்பக்கம் நின்றார்.

திங்கட்கிழமை காலை இருவருமாக ஸ்கூட்டரில் தஞ்சாவூர் போனோம். கடைக்காரர் நான் வழக்கமாகச் சாமான் வாங்குகிறவர். இரண்டையும் பெட்டியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். அண்ணி கோபுரத்தைக் கையில் தூக்கிக் கனம் பார்த்தார். தகடுகளுக்கு இடையில் ஊதிப் பார்த்தார்.

"இது நல்லா இருக்கு. ஃபேன் போனா என்ன பண்றதுங்க?"

"ஃபேன மட்டும் மாத்திக்கலாங்க. வேற எதுவும் கெட்டுப்போறதுக்கு இதுல இல்ல" என்றார் கடைக்காரர்.

"அதுல?"

"பம்ப் போனா மொத்தமா மாத்தணுங்க. ஆனா மேடம் போட்டிருக்கிற ப்ராசஸர் ரொம்பச் சுடும். நாள் பூரா ரெண்டர் ஓடும்னா லிக்விட் கொஞ்சம் அதிகமாத் தாங்கும். ரெண்டுமே ஓடும். நீங்கதான் சொல்லணும்."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் குழாயைத் தடவிக்கொண்டிருந்தேன். அப்போது கடைக்காரர் என் கேபினெட் எது என்று கேட்டார். சொன்னேன். டேப்பை எடுத்துக் கோபுரத்தின் உயரத்தை அளந்துவிட்டு, "இந்தக் கேபினெட்டுல இது வச்சா கண்ணாடி மூடாதுங்க. அரை விரல் இடிக்கும்" என்றார்.

எனக்குள் பொங்கின சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன். அண்ணியிடம் அதெல்லாம் நடக்காது.

"சிரிச்சுக்க, சிரிச்சுக்க. இதவிடச் சின்னக் காத்துக் கூலரே கெடையாதாங்க?"

"இருக்கு. ஆனா இந்த ப்ராசஸருக்குப் பத்தாது."

தண்ணீர்தான் என்று முடிவாயிற்று. திருவையாறு வரும் வழியில் ஆற்றுக்கு ஒரு பாலம். ஒவ்வொரு பாலத்தின் முனையிலும் வண்டி ஒரு துள்ளு துள்ளும். பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணி பெட்டியை மடியில் அணைத்துப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வேண்டாம் என்று சொன்ன சாமானை அவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்தவர் அவர்தான்.

செவ்வாய்க்கிழமை பொழுது விடிந்ததும் பூட்ட ஆரம்பித்தேன். ப்ராசஸரை அதன் குழியில் வைத்துக் கொக்கியை அழுத்தினேன். அதன் மேல், சூட்டைக் கூலருக்குக் கடத்துகிற பேஸ்ட் பட்டாணி அளவு. அதன் மேல் பம்ப். ரேடியேட்டரை மேலே கட்டலாம் என்றால் ராம் இடித்தது. முன்னால் கட்டலாம் என்றால் என் மூன்று கலர் ஃபேன்களையும் கழற்ற வேண்டும். அதற்கு மனசு வரவில்லை. கேபினெட்டின் தரையில் இடம் இருந்தது, திருகு துளையும் இருந்தது. அங்கேயே படுக்க வைத்துத் திருகினேன். குழாய் இரண்டும் கீழிருந்து மேலே வளைந்து ஏறின. அவ்வளவு அழகு!

பதினோரு மணிக்கு சுவிட்சைப் போட்டேன். ஃபேன்கள் சுழன்றன, விளக்குகள் எரிந்தன, திரையில் எழுத்து வந்தது. நான் போட்ட சத்தத்தில் அண்ணி கீழேயிருந்து ஓடி வந்தார், ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்து.

"ஓடுது அண்ணி! ஓடுது! பாருங்க, முப்பத்தெட்டு டிகிரிதான்!"

"வெளியிலயே அவ்வளவு இருக்கும் இன்னிக்கு" என்றார். ஆனால் நின்று பார்த்தார். நிறம் மாறுவதைக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே பார்த்தார்.

மண்டபத்து வீடியோவை ரெண்டரில் போட்டேன். எண் ஏறியது. ஐம்பது, அறுபது, அறுபத்தெட்டு. அங்கேயே நின்றது. பழைய கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரம் எடுக்கிற ஒரு துண்டு இங்கே காபி ஆறுவதற்குள் முடிந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சாப்பிடக்கூட இறங்கவில்லை.

மதியம் இரண்டு மணி இருக்கும். களக், களக் என்று ஒரு சத்தம். குடத்தில் தண்ணீர் மொள்ளும்போது வருமே, அந்த மாதிரி. எண்ணைப் பார்த்தேன். எழுபத்தொன்பது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்பத்தாறு. தொண்ணூற்று நான்கு. அடுத்த நிமிடம் திரை கறுத்து, ஃபேன் எல்லாம் நின்றுபோயின.

கண்ணாடியைக் கழற்றி உள்ளே விரலால் துழாவினேன். ஈரம் இல்லை. ஒழுகவில்லை. ஆற விட்டு மறுபடி போட்டேன். மறுபடி அதே சத்தம், அதே ஏற்றம். வெள்ளிக்கிழமை என்று பாயிடம் சொன்னது காதில் ஒலித்தது. வேண்டாம் என்று சொன்னவரிடமே போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று.

"அண்ணி, கொஞ்சம் மேல வர்றீங்களா?"

ஏறி வந்தார். "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கேபினெட் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காதை வைத்தார்.

"போடு."

போட்டேன். களக் களக்.

"அணை." தலையை ஆட்டினார். "ஏர் புடிச்சிருக்கு."

"என்னது?"

"உள்ள காத்து மாட்டிக்கிச்சு. டீசல் லைன்ல மாட்டுமே, அது மாதிரிதான்."

"இது அடைச்சு வச்சது அண்ணி. காத்து எப்படிப் போகும்?"

"எதை அடைச்சாலும் ஓரத்துல துளி காத்து நிக்கத்தான் செய்யும். அது இருக்கலாம், தப்பில்ல. எங்க இருக்குங்கறதுதான். பம்பு எது?"

காட்டினேன்.

"ரேடியேட்டர்?"

தரையைக் காட்டினேன்.

"அட மண்டு! தண்ணி கீழ எறங்கும், காத்து மேல ஏறும். நீ ரேடியேட்டரக் கீழ போட்டுட்டு, பம்ப உச்சாணில வச்சிருக்க. அத்தன காத்தும் பம்புக்குள்ளதான் வந்து நிக்கும். பம்பு காத்தையா தள்ளும்?"

மூன்று வாரம் பார்த்த வீடியோக்களில் இது வராமல் இருந்திருக்காது. நான் குழாயின் வளைவைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். உடனே சந்தேகமும் பயமும் போய், உடம்பெல்லாம் பரபரவென்று ஆகிவிட்டது. கெட்டுப்போகவில்லை! வைத்த இடம்தான் தப்பு!

கலர் ஃபேன்கள் மூன்றையும் நானே கழற்றினேன். அண்ணி அவரது டூல்ஸ் பையிலிருந்து நீளமான திருப்புளியை எடுத்து வந்தார். ரேடியேட்டரை முகப்பில் நிமிர்த்தி வைத்து, அதன் தலை பம்பைவிட உயரத்தில் இருக்கும்படி நான் பிடிக்க, அவர் திருகினார். பிறகு கேபினெட்டை இருவரும் தூக்கி, இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை என்று சாய்த்தோம். உள்ளே குழாய் வழியாகக் காற்று மேலேறுகிற சத்தம் எனக்கே கேட்டது.

"இப்ப போடு."

சத்தமே இல்லை. பம்ப் ஓடுகிறதா என்று சந்தேகப்பட்டுக் குழாயைத் தொட்டேன், லேசான அதிர்வு. ரெண்டரைப் போட்டுவிட்டு இருவரும் திரைமுன் உட்கார்ந்தோம். அறுபத்தாறில் நின்றது. அரை மணி நேரம் நகரவில்லை. முக்கால் மணி நேரம். அண்ணி என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தார். என் வெள்ளைச் சுடிதாரில் விழுந்த கிரீஸ் கறை இன்றுவரை போகவில்லை.

வியாழக்கிழமை மாலை வீடியோவை அனுப்பினேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த நேரம் போன் வந்தது. டிவியில் போட்டுக் குடும்பமே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். பின்னால் ஒரே பேச்சுச் சத்தம்.

"ரொம்ப நல்லா வந்திருக்கும்மா. தம்பிங்கல்லாம் நாலு தடவ பாத்துட்டாங்க. ஆனா எங்க வீட்ல ஒரு விஷயம் சொல்றாங்க. பொம்பளைங்க சாப்பாட்டு ஹாலுக்குப் போற வாசல் சின்னதா இருக்காம். கொழந்தைங்களத் தூக்கிட்டு எல்லாரும் ஒரே நேரத்துல எப்படிப் போவாங்கன்னு கேக்குறாங்க. மாத்திக் காட்ட ஒரு வாரம் ஆகுமோ?"

"இன்னிக்கு சாயங்காலமே காட்டுறேன் பாய்."

"இன்னிக்கேவா?" அவர் போனை விலக்கிப் பின்னால் சொன்னார். அங்கே பெண்கள் குரலில் ஒரு ஆரவாரம் எழுந்தது. வாசலை இரட்டையாக்கி ஐந்து மணிக்கு அனுப்பினேன். அந்த வாசலோடுதான் மண்டபம் இப்போது எழும்பிக்கொண்டிருக்கிறது.

அதற்குப் பிறகு வேலை கூடிப்போய், ஐப்பசியில் இரண்டாவது கம்ப்யூட்டர் பூட்டினேன். இந்த முறை கூலரை அண்ணி தேர்ந்தெடுத்தார். காற்றுதான். அது உள்ளே போகிற மாதிரி அகலக் கேபினெட் வாங்கினோம். கோபுரத்தைத் தூக்கி வைத்துத் திருகியதும் அவரே. இரண்டும் இப்போது ஒரே மேஜையில், ஒரே வேலையைப் பங்கு போட்டுக்கொண்டு ஓடுகின்றன. அண்ணி மாடிக்கு வரும்போதெல்லாம் இரண்டின் சூட்டையும் திரையில் பார்ப்பார். தண்ணீர் வைத்தது நான்கு டிகிரி குறைவு. சில நாள் மூன்று.

"இந்த நாலு டிகிரிக்கா அன்னிக்கு அவ்வளவு ஆட்டம் போட்ட?" என்றார் ஒருநாள்.

"டிகிரிக்கு இல்ல அண்ணி. ஆசையா இருந்துச்சு."

"அத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் குறுக்க நிக்கப்போறேன்?" என்று சொல்லிவிட்டு, காற்றுக் கூலர் பக்கம் திரும்பி, ஃபேனில் ஒட்டியிருந்த தூசியை முந்தானையால் துடைத்தார்.