அக்கா வைக்காத வேண்டுதல்

சின்ன வயதில் நான் சொல்லாத பொய் இல்லை. பல் தேய்த்துவிட்டேன், மிஸ் இன்றைக்கு வீட்டுப்பாடமே கொடுக்கவில்லை, பூஜை அறையில் இருந்த கற்கண்டை எறும்பு தூக்கிக்கொண்டு போய்விட்டது. எல்லாம் அன்றன்றைக்கே பிடிபட்டு, அன்றன்றைக்கே முதுகில் வாங்கித் தீர்ந்துபோன பொய்கள். பிடிபடாமல் போனது ஒன்றே ஒன்று. அதற்கும் சேர்த்து நாலு அடி வாங்கியிருந்தால் இத்தனை வருடம் கழித்து இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு முடித்திருந்தேன். அக்கா பதினொன்றாவது முடித்திருந்தாள். அண்ணாமலையார் மலைக்குப் பக்கத்தில், வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசைத் தாண்டிப் புதிதாக முளைத்த வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் மேனேஜர் வேலை. அம்மாவுக்கு எங்களைக் கட்டி மேய்க்கும் வேலை.

அக்கா வாலிபால் ஆடுவாள். ஆடுவாள் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். ஆறாம் வகுப்பிலிருந்து காலையும் மாலையும் பள்ளிக்கூட கிரவுண்டே கதி என்று கிடந்தவள். உயரம் கம்மி. அதனால் வலைக்குப் பக்கத்தில் நின்று எகிறி அடிக்கிற வேலை அவளுக்கில்லை. பின்வரிசையில் நின்று, எதிராளி அடிக்கிற பந்து எங்கே வந்தாலும் தரையில் விழவிடாமல் எடுத்துக் கொடுக்கிற வேலை. அதற்கு லிபரோ என்று பெயர். மற்றவர்கள் எல்லாரும் நீல பனியன் போட்டிருக்க இவளுக்கு மட்டும் மஞ்சள். ஏதோ தப்புப் பண்ணியதற்குத் தண்டனையாக வேறு கலரில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காவிடம் கேட்டதற்கு, "ஆமாண்டி, தண்டனைதான்" என்று சிரித்தாள்.

மதியம் சாப்பிட வந்து அப்பா ஒரு தூக்கம் போடுவார். அந்த முக்கால் மணி நேரம் அவருடைய போன் அக்காவின் கைக்கு வரும். மற்ற பெண்கள் பாட்டுப் பார்ப்பார்கள். இவள் பழைய வாலிபால் பார்ப்பாள். உலகப் போட்டியில் முதலில் ரஷ்யப் பெண்கள்தான் ராஜ்ஜியம் பண்ணினார்களாம். அப்புறம் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்களுக்கு வாலிபால் வைத்தபோது ஜப்பான்காரிகள் ஜெயித்தார்களாம். "அவங்கள்ல முக்காவாசிப் பேரு மில்லுல வேலை செஞ்சவங்கடி. வேலைய முடிச்சிட்டு வந்து ஆடினவங்க" என்பாள். கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்தப் பெண்கள் தரையில் பாய்ந்து பந்தை எடுத்து, அப்படியே ஒரு உருளு உருண்டு எழுந்து நிற்பார்கள். அதைப் பார்த்துவிட்டு அக்கா மொட்டை மாடியில் பாயைப் போட்டு உருளுவாள். முழங்கை, முட்டி எல்லாம் தோல் உரிந்திருக்கும். "பொம்பளப் புள்ள உடம்பாடி இது?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

சீனா வரும், கியூபா வரும். கியூபாக்காரிகள் எகிறினால் இடுப்பு வலைக்கு மேலே இருக்கும் என்று நான் என் வகுப்பில் அளந்து விட்டிருக்கிறேன். ஆனால் அக்கா திரும்பத் திரும்பப் பார்த்தது பெரு நாட்டு மேட்சைத்தான். அந்தப் பெயரில் ஒரு நாடு இருப்பதே எனக்கு அப்படித்தான் தெரியும். ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் ரஷ்யாவை எதிர்த்து இரண்டு செட் ஜெயித்து, மூன்றாவதிலும் அவர்கள்தான் முன்னால் இருப்பார்கள். அந்த இடம் வந்ததும் அக்கா போனை அணைத்து வைத்துவிடுவாள். தங்கம் பெருவுக்குத்தான் என்று நான் முடிவே கட்டியிருந்தேன். காலேஜ் படிக்கும்போது ஒருநாள் முழுவதும் போட்டுப் பார்த்த பிறகுதான் அவர்கள் தோற்றது தெரிந்தது.

நம் நாட்டுப் பெண்கள் எங்கே என்று ஒருமுறை கேட்டேன். ஒலிம்பிக்கில் இன்னும் ஆடியதே இல்லை என்றாள். சொல்லும்போது அவளுக்குக் கோபமாக வந்தது.

அந்த மே மாதம் பி.டி. டீச்சர் போன் பண்ணினார். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட இந்தியப் பெண்கள் அணிக்கான முகாமுக்கு அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வடக்கே ஏதோ ஊரில் ஒரு மாதம். அதில் தேறினால் வெளிநாட்டில் ஆசியப் போட்டி. அக்கா என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினாள். அப்பா செய்தியைக் கேட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"பன்னெண்டாவது போற பொண்ணு. பப்ளிக் எக்ஸாம வச்சிக்கினு பந்து தட்டப் போறாளாம். அதுவும் பாஷை தெரியாத ஊருக்கு. வேணாம்னா வேணாம்."

அப்பா கெட்டவர் இல்லை. பயந்தவர். லாட்ஜ் கவுன்டரில் உட்கார்ந்து தினமும் நூறு விதமான மனிதர்களைப் பார்த்துப் பார்த்து, உலகத்தில் ஒருத்தரும் நல்லவரில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார். நாலு நாள் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. அக்கா சாப்பிடவில்லை. அம்மா அக்கா பக்கம்தான், ஆனால் அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தைரியம் இல்லாமல் அடுப்படியில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

எனக்கு அந்த வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை. என்னை யாரும் கவனிக்கவில்லை என்பதும் ஒரு காரணம். ஐந்தாம் நாள் காலை அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அம்மா, கேம்புக்கு செலக்ட் ஆனா வெறுங்கால்ல மலை சுத்துறேன்னு அக்கா சாமிகிட்ட வேண்டிக்கினு இருந்துச்சு" என்றேன்.

அம்மாவின் கை நின்றது. என் பொய் பலித்துவிட்டது என்று தெரிந்ததும் எனக்குக் குஷி தாங்கவில்லை. "பகல்ல" என்று ஒரு வார்த்தை சேர்த்தேன்.

"பகல்லயா?"

"ஆமா, பகல்லதான் சுத்துறேன்னு சொல்லிச்சு."

அந்த வார்த்தையைச் சேர்த்ததற்கு ஒரு காரணம் இருந்தது. பௌர்ணமி ராத்திரிகளில் நாங்கள் மலை சுற்றப் போவோம். பாதி வழியிலேயே நான் அப்பா தோளில் தூங்கிவிடுவேன். வழி நெடுகப் போட்டிருக்கிற கடைகள், பொம்மைகள், கரும்புச் சாறு, எதையும் முழுசாகப் பார்த்ததில்லை. பகலில் போனால் பார்க்கலாம் அல்லவா? அவ்வளவுதான் என் புத்தி.

அம்மா கீரையை அப்படியே போட்டுவிட்டு அக்காவைக் கூப்பிட்டாள். "இன்னாடி, அண்ணாமலையார்கிட்ட வேண்டிக்கினியாமே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

அக்கா என்னைப் பார்த்தாள். இப்போது 'இல்லை' என்பாள், முதுகில் டின் கட்டிவிடுவார்கள் என்று சுவரோரமாக நகர்ந்தேன். அக்கா அம்மா பக்கம் திரும்பி, "ஆமாம்மா" என்றாள்.

என்னை அடியிலிருந்து காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டேன். பாசத்தில் அவளைக் கட்டிப்பிடித்துக்கூட விட்டேன்.

அன்று மதியம் அப்பாவுக்குச் சோறு போட்டபடி அம்மா தன் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக எதிர்த்துப் பேசினாள். "பொண்ணு கேட்டா, சாமி குடுத்துட்டாரு. குடுத்தத வேணாம்னு சொல்ல நாம யாருங்க?" அப்பா யாருக்கு வேண்டுமானாலும் மறுத்துப் பேசுவார், மலைக்கு மறுத்துப் பேசமாட்டார். ரசம் ஊற்றும்வரை யோசித்தார். "சுத்திட்டு வரட்டும். அப்புறம் நானே கூட்டினு போய் விடுறேன்" என்றார்.

வியாழக்கிழமை காட்பாடியில் ரயில். வேண்டுதலைப் பாக்கி வைத்துவிட்டுப் படி தாண்டக்கூடாது. ஆகவே திங்கட்கிழமை என்று முடிவாயிற்று, சிவனுக்கு உகந்த நாள். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம். ராகு காலத்தில் நடையைத் தொடங்கலாமா? ஒன்பதுக்கு மேல்தான் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றிப் புறப்பட்டோம். கத்திரி வெயில் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. பதினாலு கிலோமீட்டர்.

"கொழந்தைக்கு இன்னா வேண்டுதல்?" என்று அப்பா என்னைத் தன் மொபெட்டின் முன்னால் நிற்க வைத்துக்கொண்டார். அம்மாவும் அக்காவும் நடந்தார்கள். அம்மா மாதா மாதம் வெறுங்காலில் சுற்றுகிறவள், பாதம் காய்த்துப் போயிருந்தது. அக்காவின் பாதம் அப்படி இல்லை. ஆறு வருடமாக ஷூவும் சாக்ஸுமாக இருந்த கால். கைக்குழந்தையின் உள்ளங்கை மாதிரி வெளுப்பாக இருக்கும். இதை வீட்டில் யாரும் யோசிக்கவில்லை.

செங்கம் ரோட்டில், ஆசிரமம் இருக்கிற பக்கம்வரை மர நிழல் இருந்தது. அக்கா சிரித்துக்கொண்டுதான் நடந்தாள். எதிரில் வந்த ஒரு வெள்ளைக்காரம்மா தன் செருப்பைக் காட்டி, போட்டுக்கொள் என்று அக்காவுக்கு ஜாடை காட்டினார். நான் கரும்புச் சாறு குடித்துக்கொண்டிருந்தேன். பகலில் பொம்மைக் கடையே இல்லை. எல்லாம் பௌர்ணமிக்கு மட்டும் போடுகிறவை. எனக்கு ஒரே ஏமாற்றம்.

அடி அண்ணாமலை தாண்டியபோது பதினொன்றரை. நிழல் இல்லை. அக்கா ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு ஓடத் தொடங்கினாள். ஓடிப் போய் நின்று ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொள்வாள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது, கை தட்டினேன். குபேர லிங்கத்துக்கு முன்னால் கொஞ்ச தூரம் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். அதில் அவள் ஓடவில்லை. குதிகாலை ஊன்றி, விரலைத் தூக்கிக்கொண்டு, உதட்டைக் கடித்து நடந்தாள். அம்மா மயக்கமாக வருகிறதென்று ஒரு கடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பாவுக்கே மனசு தாங்கவில்லை. வண்டியை நிறுத்தி, பையில் போட்டு வைத்திருந்த அம்மாவின் செருப்பை எடுத்து நீட்டினார். "போதும்மா. போட்டுக்கோ. சாமி கண்ணக் குத்தாது."

அக்கா செருப்பைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "வேணாம்ப்பா. முழுசா முடிச்சிடுறேன்" என்றாள்.

வீம்பு என்று நினைத்தேன். என்ன வீம்பு! அந்த ஒரு பொய்தான் அவளுக்குத் திறந்த ஒரே கதவு. நடுவில் ஒரு அடி செருப்புப் போட்டாலும் அதைக் காட்டி யாரும் எதுவும் சொல்லிவிடலாம். அதை முழுசாக நடந்து உண்மையாக்கினால் ஒழிய வியாழக்கிழமை ரயில் இல்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு பாதத்திலும் தோல் கொப்புளித்துப் பாளம் பாளமாகக் கழன்றிருந்தது. டாக்டரிடம் காட்டினால் ரயில் ஏறாதே என்பார் என்று அக்கா காட்ட மறுத்தாள். அம்மா மஞ்சளைக் குழைத்து அப்பினாள். வியாழக்கிழமை இரண்டு ஜோடி சாக்ஸை ஒன்றின்மேல் ஒன்று போட்டுக்கொண்டு, நொண்டாமல் ஆட்டோவில் ஏறினாள். எப்படி நொண்டாமல் நடந்தாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அப்பா அவளை விட்டுவிட்டு வந்த கையோடு திரும்பப் போய்க் கூட்டிவர வேண்டியதாயிற்று. இரண்டாவது நாள் பயிற்சியில் ஷூவைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். சீழ் பிடித்திருந்ததாம். பத்துப் பதினைந்து நாள் காலைத் தரையில் வைக்கக் கூடாது என்று முகாம் டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்குள் அணியைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள், மிச்ச நாளெல்லாம் அந்த அணிக்குத்தான் பயிற்சி.

அம்மாவுக்கு ஒரே சந்தேகம்தான். என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய், "நான் ஒக்காந்துட்டேனே, அந்த நேரத்துல அவ எங்கனா செருப்பு போட்டாளா? நெஜத்த சொல்லு. வேண்டுதல்ல ஏதோ கொற இருக்குது" என்றாள். போடவில்லை என்றேன். அந்த வாரத்தில் நான் சொன்ன ஒரே உண்மை அது, அம்மா நம்பவில்லை.

அக்கா பிறகு ஒரு வருடம் காலேஜில் ஆடினாள். "ஒரு தடவ அனுப்பிப் பாத்தாச்சு இல்ல" என்று அப்பா எல்லாவற்றுக்கும் அதையே சொன்னார். இருபது வயதில் ஆரணிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். போன மாதம் போயிருந்தபோது டி.வி.யில் பெண்கள் வாலிபால் உலகக் கோப்பை ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அதை மாற்றி சீரியல் வைத்தாள். அவளைப் பார்க்க எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

முகாமிலிருந்து திரும்பி வந்த அன்று சாயங்காலம் அவள் காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டு போட்ட இரண்டு காலும் பெரிதாகத் தெரிந்தன. நான் போய் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது. தப்பைச் சரிசெய்ய எனக்கு ஒரு வழி தோன்றியிருந்தது, அதை அவள் காதோடு சொன்னேன்.

"அக்கா, அடுத்த வருஷம் ராத்திரின்னு சொல்றேன்க்கா."

அக்கா திரும்பிப் பார்த்தாள். என் தலையைத் தடவி, "சரி, சொல்லு" என்றாள்.

பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் அணியில் அவளுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. அவள் சரி என்று சொன்னதும் மனசு லேசாகிவிட்டது. எழுந்து தெருவுக்கு விளையாட ஓடினேன்.