சொட்டிக்கொண்டிருந்த பெரியக்கா

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் புனே பாணேர் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. என் பழைய ஸ்கூட்டருக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஓர் எண்ணெய்க் கறை. உடனே சுத்தம் செய்யும்படி செயலாளர் கேட்டிருந்தார். துணியோடு இறங்கிப்போய்க் குனிந்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் துடைக்கிற எண்ணமே போய்விட்டது. காரணத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். என் வீட்டுக்காரர் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்.

தொண்ணூறுகளில், கல்யாணமாகித் திருச்சியிலிருந்து புனே வந்த புதிதில், விமான நிலையத்தை ஒட்டிய சின்னத் தனியார் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்த்தேன். நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலைதான். ஊருக்குப் போனால் மட்டும் 'ஏரோப்ளேன் கம்பெனி' என்று அலட்டிக்கொள்வேன். அங்கே கொட்டகையில் ஒரு பழைய டகோட்டா விமானம் நின்றது. இரண்டு எஞ்சின், பெரிய விசிறிகள், வால் தரையில், மூக்கு வானத்தில். விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற கோயம்புத்தூர்க்காரரான எங்கள் தலைமை மெக்கானிக் சுந்தரம் அண்ணன் அதைப் 'பெரியக்கா' என்பார். எங்கள் எல்லோரையும்விட மூத்தவள், நியாயம்தானே.

அவள் சரித்திரத்தை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, சுரண்டித் தெரிந்துகொண்டேன். ஒருமுறை பழைய பெயிண்ட்டைச் சுரண்டி எடுக்க ஆள் போதாமல் என்னையும் இழுத்துவிட்டார்கள். மேலே எங்கள் கம்பெனியின் வெளிறிய வெள்ளை, மூட்டை முடிச்சு சுமந்த காலம். அதற்குக் கீழே நீலக்கோடு. அப்போது மெட்ராஸுக்கும் பெங்களூருக்கும் பயணிகளை ஏற்றிப் போனாள். காதில் வைக்கப் பஞ்சும் வாயில் போடப் பெப்பர்மிண்ட்டும் தருவார்களாம். தரைப்பலகை இடுக்கில் ஒரு பெப்பர்மிண்ட் காகிதம்கூடக் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் அடியில் யுத்தகாலப் பச்சை. நகத்தில் அந்தப் பச்சையோடு வீட்டுக்குப் போய்ச் சமைத்தேன்.

ஒருநாள் கம்பெனி அவளைக் கழித்துவிட முடிவு செய்தது. தெற்கே ஒரு அருங்காட்சியகம் வாங்கிக்கொள்ளத் தயார், ஆனால் பறந்து வந்து சேர வேண்டும். இல்லையென்றால் காயலான் கடைக்காரர் துண்டு போட்டு லாரியில் ஏற்றிவிடுவார். அந்த ஒரே ஒரு பயணத்துக்கு அனுமதி தர பம்பாயிலிருந்து விமானத்துறை ஆய்வாளர் வருவதாக இருந்தது.

"பொண்ணு பாக்க வாராங்க, ஜோரா இருக்கோணும்," என்றார் சுந்தரம் அண்ணன். முதல் நாள் இரண்டு எஞ்சினையும் ஓட்டிப் பார்த்தாயிற்று. மறுநாள் காலையில் அத்தனை பேரும் மண்ணெண்ணெயும் துணியுமாக இறங்கினோம். எஞ்சினைத் துடைத்தோம், தரையைத் துடைத்தோம், எண்ணெய் பிடிக்கிற தட்டைக்கூடக் கழுவிக் கவிழ்த்தோம். சாப்பாட்டு இலை போட்டிருக்கலாம், அவ்வளவு சுத்தம்.

ஆய்வாளர் வந்தார். எஞ்சினுக்குக் கீழே குனிந்து பார்த்தார். முகம் மாறியது.

"தேல் கஹாங் ஹை?" எண்ணெய் எங்கே என்றார்.

"டேங்க்ல ஃபுல்லா இருக்குதுங்க," என்று அண்ணன் தமிழிலேயே சொல்லிவிட்டார், பதற்றத்தில்.

நேற்று ஓட்டியதாகச் சொல்கிறீர்கள், இந்த வயது எஞ்சின் ஓடியிருந்தால் சொட்டாமல் இருக்குமா, ஓட்டாமலே ஓட்டியதாகக் கதை விடுகிறீர்களா என்று அவர் இந்தியில் கேட்டார். எங்கள் சுத்தமே அவளை லாரியில் ஏற்றப் பார்த்தது.

அண்ணன் எஞ்சினிடம் போனார். விசிறி இறக்கையைப் பிடித்துக் கையால் சுற்ற ஆரம்பித்தார். நின்ற எஞ்சினில் கீழே இறங்கிய எண்ணெய் தேங்கியிருக்கும்; கிளப்புவதற்கு முன் கையால் சுற்றுவது வழக்கம். மெக்கானிக் காம்ப்ளே சேர்ந்துகொண்டார். நானும் புடவையைச் செருகிக்கொண்டு ஓர் இறக்கையைத் தள்ளினேன். பிறகு நாங்கள் விலகி நிற்க, அண்ணன் உள்ளே ஏறிக் கிளப்பினார். எஞ்சின் இருமியது, நீலப்புகையைக் கக்கியது, பிறகு கொட்டகைத் தகரமெல்லாம் அதிர ஓடியது. மற்றதும் அப்படியே.

அணைத்த பிறகு, ஆய்வாளர் உட்பட எல்லோரும் அவள் அடியில் குந்திக்கொண்டு மேலே பார்த்தோம். ஒழுகு தாயே ஒழுகு என்று வேண்டிக்கொண்டது உலகத்திலேயே நாங்கள்தான். ஒரு சொட்டு திரண்டது, தொங்கியது, ஆய்வாளரின் வெள்ளைச் சட்டைக் கையில் விழுந்தது.

"அப் டீக் ஹை," இப்போது சரி என்று சிரித்தார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு முகமெல்லாம் கரியாக்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் அவள் கிளம்பினாள். பக்கத்து ஏரவாடா மொட்டைமாடிகளில் குழந்தைகள் கையசைத்ததாகக் காம்ப்ளே பிறகு சொன்னார். அவர் வீடு அங்கேதான். லாரியில் இல்லை, பறந்து போனாள். அதில் என் இரண்டு கையும் உண்டு என்பதில் இன்றைக்கும் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

கம்பெனி மூடி, கொட்டகை போய், அந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். சுந்தரம் அண்ணனும் இல்லை. சில வருஷம் கழித்து அந்த அருங்காட்சியகத்துக்குப் போனேன். புதுப் பெயிண்ட், பளபளவென்று, சுற்றிலும் கயிறு. காவலாளி அந்தப் பக்கம் திரும்பியதும் கயிற்றைத் தாண்டிக் குனிந்து, எஞ்சினுக்கு நேர் கீழே தரையை விரலால் தடவிப் பார்த்தேன்.

சுத்தமாக இருந்தது. பெரியக்கா சொட்டுவதை நிறுத்திவிட்டாள்.