பானையைக் கவிழ்த்தவள்

ரெஜினாவுக்கு ஒன்பது வயது நடந்தபோது, லாரி ஓட்டிக்கொண்டு ஒஹையோ பக்கம் போன அப்பா திரும்பவே இல்லை. அம்மா ஸ்டெல்லா பாட்டிலோடு படுக்கையறைக்குள் புகுந்துகொண்டாள். பென்சில்வேனியாவின் அந்த நிலக்கரி ஊரில் குடிக்கிற அம்மாக்கள் ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் விஷயம் வெளியே தெரிந்தால் அரசாங்க ஆட்கள் வந்து பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்கள். எதிர்வீட்டுப் பிள்ளைகள் அப்படித்தான் ஆளுக்கொரு காரில் போனார்கள்.

அதனால் ரெஜினா சமைத்தாள். நாற்காலி மேல் ஏறி நின்று முட்டைக்கோசும் நூடுல்சும் கிளறினாள். தங்கை டோலரசுக்குத் தலை பின்னிவிட்டாள். தம்பி கேசி அடுப்புப் பக்கம் வந்தால் மரக்கரண்டியால் அடித்தாள். வேறு எப்படி அடக்குவதென்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஒரு மாலை ஸ்டெல்லா தள்ளாடிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். கொதிக்கிற பானையை இறக்கப் போய்க் கைநழுவவிட்டாள். நாலு வயசுக் கேசியின் தோள் வெந்துபோனது. பக்கத்து வீட்டுக்காரர் அவனையும் ரெஜினாவையும் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

"யாரும்மா கொட்டினது?" என்று டாக்டர் கேட்டார்.

"நான்தான். அம்மா வேலைக்குப் போயிருந்தாங்க," என்றாள் ரெஜினா.

கேசி அரற்றிக்கொண்டே அதைக் கேட்டான்.

பதினாறு வயதில் ரெஜினா பள்ளியை விட்டுவிட்டுச் சட்டைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். அவள் சம்பாத்தியத்தில் படித்து முடித்துத் தங்கையும் தம்பியும் ஊரைவிட்டுப் போனார்கள். பிறகு ஃபிராங்க் என்பவனைக் கட்டிக்கொண்டாள். அவன் கோட்டுப் பொத்தானை அவளே போட்டுவிடுவாள். சாப்பாட்டு மேசையில் அவன் கேட்பதற்கு முன்பே இறைச்சியைத் துண்டு போட்டு வைப்பாள். குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்றபோது, "நான் வளத்து முடிச்சாச்சு" என்றாள். மூன்றாம் வருஷம் அவன் பெட்டியைக் கட்டினான்.

"பொண்டாட்டி வேணும்னுதான் உன்னைக் கட்டினேன். எனக்கு அம்மா ஏற்கெனவே ஒருத்தி இருக்கா."

வழியில் சாப்பிட சாண்ட்விச் மடித்து அவன் கையில் கொடுத்தாள். வேறென்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

ஐம்பது தாண்டியபின் ஸ்டெல்லா குடியை விட்டாள். சர்ச்சுக்குப் போனாள். பேரப்பிள்ளைகளுக்குக் கசகசா ரொட்டி சுட்டாள். அவளைக் கொஞ்சாதவர் இல்லை. டோலரசும் கேசியும் விடுமுறைக்கெல்லாம் ஓடிவந்தார்கள்.

ஸ்டெல்லாவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாள் விருந்து சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் நடந்தது. கேசி கையில் கிளாசோடு எழுந்தான்.

"அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லாத காலத்துல நாங்க ஒரு சார்ஜண்டுகிட்ட மாட்டிக்கிட்டோம்." எல்லாரும் ரெஜினாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் சட்டைக் காலரை விலக்கித் தோளைக் காட்டினான். "சூப்பு குடுன்னுதான் கேட்டேன். பானையோட குடுத்துட்டா."

இன்னும் பெரிய சிரிப்பு. ஸ்டெல்லா அவன் கையைத் தடவினாள்.

"அவளும் அப்ப குழந்தைதானேடா. மன்னிச்சிடு."

சமையற்கட்டில் ரெஜினா தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது அம்மா உள்ளே வந்தாள்.

"யாரு கொட்டினதுன்னு உனக்கே தெரியும், அம்மா," என்றாள் ரெஜினா.

ஸ்டெல்லா கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "தெரியும். இப்பதான் அவன் என்னை வாய் நெறைய அம்மான்னு கூப்பிடறான். அதைக் கெடுத்துடாதே. நீ எதையும் தாங்குவே. அவனால முடியாது."

ரெஜினா ஈரக்கையோடு வெளியே போய், கார் நிறுத்துமிடத்தில் கேசியைப் பிடித்து உண்மையைச் சொன்னாள். அவன் சிரிக்கக்கூட இல்லை.

"நீ இப்படித்தான் சொல்லுவேன்னு அம்மா எப்பவோ சொல்லிட்டாங்க," என்று காரை எடுத்தான்.

மறு வருஷம் ஸ்டெல்லாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. டோலரஸ் போனில் கூப்பிட்டாள். "எங்க வீட்டுல எங்க பாத்தாலும் மாடிப்படி. உனக்குன்னா இதெல்லாம் பழக்கம்தானே, ரெஜினா." அந்தப் போன் வருவதற்கு முன்பே ரெஜினா கீழ் அறையில் கட்டில் போட்டு விரிப்பும் மாற்றியிருந்தாள். முடியாது என்று சொல்லலாம் என்பது, மூத்திரத் துணி அலசும் நேரங்களில்தான் அவளுக்குத் தோன்றும்.

ஞாயிறுதோறும் கேசி பூவோடு வருவான். துணி மாற்றி முடியும்வரை வாசலில் நிற்பான். "மெதுவா புரட்டு. அவங்களுக்கு வலிக்கும்," என்று அங்கிருந்தே சொல்வான். பிறகு உள்ளே வந்து அம்மாவின் நெற்றியில் முத்தமிடுவான்.

இரண்டாவது குளிர்காலத்தில் ஸ்டெல்லா போய்ச்சேர்ந்தாள். அதன்பின் கேசி வரவில்லை.

அடுத்த கோடையில் சர்ச் பெண்கள் கடற்கரைக்குப் பஸ் ஏற்பாடு செய்து ரெஜினாவையும் அழைத்தார்கள். அறுபது வயதில் அவள் முதன்முதலாகக் கடலைப் பார்க்கப் போனாள். பஸ்ஸில் ஒவ்வொருத்தியிடமும் மாத்திரை போட்டாச்சா என்று கேட்டாள். கரையில் காலை நனைத்தவர்களை அதட்டி மேலே வரச் சொன்னாள். ஒருத்தியின் தாடையில் ஒட்டியிருந்த ஐஸ்கிரீமைக் கைக்குட்டையில் எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டாள். திரும்பும்போது அவள் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை.

அதற்கடுத்த வருஷமும் பஸ் போனது. அவளிடம் யாரும் சொல்லவில்லை.