பேட்டரிக்காரர் வயிற்றில் ஒரு குடித்தனம்

பேட்டரிக்காரருக்கு ஆசிட்டைப் பற்றித் தெரியாத விஷயமே கிடையாது. ஊர் சொன்னதல்ல, அவரே சொன்னது. அவருடைய கால்சட்டைகளில் எலி கடித்த மாதிரி ஓட்டைகள் இருக்கும். எல்லாம் ஆசிட் தெறித்த இடங்கள். கடைத் தரையில் ஆசிட் கொட்டினால் ஒரு பிடி சோடா மாவை அள்ளித் தூவுவார். புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கி அடங்கிவிடும். துடைத்து எறிந்துவிட்டு அடுத்த லாரி பேட்டரியைத் தூக்கப் போய்விடுவார்.

இதே வைத்தியத்தைத்தான் வயிற்றுக்கும் பார்த்தார். நெஞ்சு எரிந்தால் தண்ணீரில் சோடா மாவைக் கலக்கி ஒரே மூச்சில் குடிப்பார். பிறகு வரும் ஏப்பத்துக்குக் கடையே அதிரும்.

"மெதுவா விடுங்க மாமா, ரோட்டுல போறவன் லாரி ஹாரன்னு நெனச்சு ஒதுங்குறான்" என்பான் கூடவே வேலை பார்க்கும் மைத்துனன்.

பேட்டரி தூக்கித் தூக்கி முதுகு போயிருந்தது. அதற்கு வெறும் வயிற்றில் வலி மாத்திரை. மாத்திரை கிளப்பிய எரிச்சலுக்குச் சோடா. வண்டி இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில் கழிவறையில் தார் மாதிரிக் கறுப்பாகப் போனது. அவர் தண்ணீரை ஊற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டார். அவருடைய அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. வயிற்றில் புற்று என்றார்கள். அந்த வருடத்தைத் தாண்டவில்லை. தன் கதையும் எழுதி முடிந்துவிட்டது என்று அன்றே முடிவு கட்டிவிட்டார். அதை இன்னொருவர் வாயால் கேட்க மட்டும் தைரியமில்லை.

ஆனால் வீட்டு மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினால் மனைவி விடுவாளா? குடைந்து குடைந்து விஷயத்தைக் கறந்துவிட்டாள். மறுநாளே ஆஸ்பத்திரி. மைத்துனன் காவலுக்கு வந்தான், தப்பி ஓடினால் பிடிக்க.

"குழாய் விட்டுப் பாக்கணும்" என்றார் டாக்டரம்மா.

"வேணாம்மா. மருந்து இருந்தா குடுங்க."

"பயமா?"

"பயமில்ல. பாக்க வேணாம்னு இருக்கேன்."

மனைவி திரும்பிப் பார்த்தாள். "மூடியைத் தொறக்காம எந்த பேட்டரியையாவது ரிப்பேர் பண்ணிருக்கீங்களா?"

தொழிலைத் தொட்டுவிட்டாள். மனிதர் மேசையில் ஏறிப் படுத்துவிட்டார்.

தொண்டையில் கசப்பாக ஒரு மருந்தை அடித்தார்கள். நாக்கு மரத்துப்போனது. கறுப்புக் குழாய் உள்ளே இறங்க, பக்கத்துத் திரையில் அவர் வயிறு தெரிந்தது. ஈரமாக, இளஞ்சிவப்பாக, மடிப்பு மடிப்பாக ஒரு குகை. குமட்டலையும் மறந்து முழித்துப் பார்த்தார். இத்தனை வருடம் சோடாவை ஊற்றியது இதற்குள்ளா?

"இங்க இருக்கறதும் ஆசிட்தான்," என்றார் டாக்டரம்மா குழாயைத் திருப்பிக்கொண்டே. "கொட்டிப்போன ஆசிட் இல்ல. சாப்பாட்டை அரைக்க, கூட வர்ற கிருமியைக் கொல்ல, வயிறே வேணும்னு சுரக்கறது. வயித்தைப் பொசுக்காம இருக்க உள்ள வழவழன்னு ஒரு பூச்சு. உங்க வலி மாத்திரை அந்தப் பூச்சைத்தான் கெடுக்குது."

வயிற்றைத் தாண்டியதும் வரும் வளைவில், வெள்ளை அடியோடு ஒரு குழி தெரிந்தது.

"இதோ இருக்கு. புண்ணுதான். இதுலேருந்து ரத்தம் கசிஞ்சுதான் கறுப்பாப் போயிருக்கு. இந்த எடத்துல புத்துநோய் ரொம்ப ரொம்ப அபூர்வம்."

பேட்டரிக்காரர் நம்பவில்லை. அப்பாவிடமும் எல்லாரும் நல்ல வார்த்தைதான் சொன்னார்கள்.

டாக்டரம்மா வயிற்றுச் சுவரில் எள்ளளவு கிள்ளியெடுத்து, ஓர் அட்டையின் மஞ்சள் பசையில் பதித்தார். "சில பேருக்கு இத்தனை ஆசிட்லயும் ஒரு கிருமி குடித்தனம் நடத்தும். அது இருந்தா இந்த மஞ்சள் சிவப்பாயிடும். இந்தப் புண்ணுக்கு யார் காரணம்னு அப்பத் தெரியும். ரெண்டு வாரம் மாத்திரை, கிருமியை விரட்டிட்டா புண்ணும் ஆறிடும்."

குழாயை உருவியதும் பேட்டரிக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். மரத்த நாக்கு குழறியது. "ஆழிட்ல எப்பழி உயிரோழ இழுக்கும்?"

"தன்னைச் சுத்தி இருக்கற ஆசிட்டை முறிக்க அதுவே ஒரு காரத்தை உண்டாக்கிக்கும். அந்தக் காரம் பட்டுத்தான் இந்தப் பசை நெறம் மாறும்."

மைத்துனன் தொடையைத் தட்டினான். "மாமா, உள்ளயே போட்டிக் கடை போட்டுருக்கான்."

பேட்டரிக்காரர் அட்டைப் பக்கம் நகர்ந்தார். வார்த்தையை நம்பாதவர்தான், நிறத்தை நம்புவார். கடையிலும் பேட்டரி செத்ததா பிழைத்ததா என்பதை வண்டிக்காரன் சொல்லி அவர் கேட்டதில்லை, ஆசிட்டில் மிதக்கும் அளவியின் நிறக்கோட்டைப் பார்த்துத்தான் சொல்வார். அட்டையைச் சுற்றி மூவரும் குனிந்தார்கள்.

"மாறுது."

"அது உன் சட்டையோட நெழல்டா. தள்ளு."

"அக்கா, கண்ணைத் தொறந்து பாரு."

"நீங்க பாத்துச் சொல்லுங்க, போதும்."

ஓரத்தில் ஏதோ கசிந்தது. முதலில் ஆரஞ்சுத் தோல் மாதிரி, பிறகு இன்னும் கொஞ்சம் அழுத்தமாக. கிள்ளிய துண்டைச் சுற்றி இளஞ்சிவப்பு வட்டம் கட்டியது, பரவியது, பசை முழுக்க ரோஜா நிறமாகிவிட்டது.

"இழுக்கான்," என்றார் பேட்டரிக்காரர். "உள்ழ இழுக்கான்."

மைத்துனன் அவரைக் கட்டிக்கொண்டு குதித்தான். மனைவி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"கிருமி இருக்குன்னு குதிக்கற குடும்பத்தை இன்னைக்குத்தான் பாக்கறேன்," என்றார் நர்ஸ். "வெளியில போய்க் குதிங்க."

டாக்டரம்மா மருந்து எழுதினார். கிருமிக்கு ரெண்டு வகை மாத்திரை, புண் ஆறும்வரை ஆசிட்டைக் குறைத்து வைக்க ஒன்று. முதுகுக்கு இனி அந்த மாத்திரை கூடாது, சோடாவும் கூடாது. எழுதிக்கொண்டே கேட்டார்: "வீட்ல வேற யாருக்காவது எரிச்சல் இருக்கா? இது ஒரே வீட்ல ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்கு வரும்."

"இல்ல," என்றாள் மனைவி. கொஞ்சம் வேகமாகவே.

பேட்டரிக்காரர் அவளைப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்தாள். கடையில் இருப்பது அவருடைய டப்பா. வீட்டுச் சமையலறையில் இருக்கும் சோடா டப்பாவை அவர் தொட்டதே இல்லை. ஆனாலும் மாதா மாதம் அது காலியாகிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா?" என்றார். நாக்குக்கு உணர்வு திரும்பியிருந்தது.

"எனக்கு ஒண்ணுமில்லங்க."

"நானும் இதையேதான் சொன்னேன்."

அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். காலையில் மைத்துனன் இழுத்துவர வேண்டியிருந்த மனிதர், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கும் டாக்டரைப் பார்க்கச் சீட்டு வாங்க ஜன்னல் வரிசையில் போய் நின்றார்.

"முன்னாடி கொஞ்சம் நகருங்க சார்," என்றார் முன்னால் நின்றவரிடம். "அவசரம்."