இரண்டாவது தடவை சொன்னது

வெர்லீன் கூம்ஸ் பொய் எழுத மாட்டாள். எங்கள் கிளினிக்கில் அவளுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் அதுதான் என்று நான் கேலி செய்வதுண்டு. கென்டக்கி மலைக்குள், நிலக்கரி லாரி போகிற சாலையோரத்தில் இருக்கிறது கிளினிக். குழந்தைகளைப் பார்க்க டாக்டரம்மா ராலி, ஊசி போட நான், பில் போட வெர்லீன். காலடியில் ஹீட்டரை வைத்துக்கொண்டு, சோளரொட்டியைப் பிட்டு வாயில் போட்டபடி, இன்சூரன்ஸ்காரனிடம் போனில் மல்லுக்கட்டுவாள். கடைசியில் அவன்தான் களைத்துப்போவான்.

தடுப்பூசி பில்லில் ஒரு விஷயம் உண்டு. டாக்டர் பெற்றோரிடம் உட்கார்ந்து விளக்கிப் பேசி, அன்றைக்கே ஊசியும் போட்டால் இன்சூரன்ஸில் கூடுதல் பணம். வெறுமனே ஊசி குத்தினால் குறைவு. பேச்சு ஒரு நாள், ஊசி இன்னொரு நாள் என்றால் அந்தப் பேச்சு காற்றோடு போச்சு.

எங்கள் ஊர்க்காரர்களோ எதற்கும் முதல் நாளே தலையாட்ட மாட்டார்கள். அது மரியாதைக் குறைவு இல்லை, அப்படித்தான் வளர்ந்திருக்கிறோம். டாக்டர் தொண்டை வறளப் பேசுவார். தாய்மார்கள் நன்றாகக் கேட்டுக்கொண்டு, யோசித்துவிட்டு வருகிறோம் என்று கிளம்பிவிடுவார்கள். வீட்டில் பேசி, சர்ச்சில் புதன்கிழமைப் பிரார்த்தனையில் நாலு பேரைக் கேட்டு, ஒருநாள் தாங்களாகவே வந்து குழந்தையின் தொடையைக் காட்டுவார்கள். நான் போட்டு அனுப்புவேன். முக்கால்வாசிப் பேர் இப்படித் திரும்பி வந்தார்கள். ஆனால் டாக்டரின் பேச்சுக்குக் காலணா வரவில்லை.

கிளினிக்கை வாங்கியிருந்த கம்பெனி, வருமானம் ஏறாவிட்டால் மூடிவிடுவோம் என்றது. எங்களை விட்டால் குழந்தைகள் டாக்டர் மலைக்கு அந்தப்பக்கம்தான். வேறு எவளாவது இருந்தால் ஊசி போட்ட தேதியிலேயே பேசியதாகவும் எழுதித் தள்ளியிருப்பாள். நானே அப்படிச் சொன்னேன். வெர்லீன் என்னை முறைத்துவிட்டு டாக்டரிடம் போனாள். ஊசி போட வருகிற அன்றும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள், உண்மையிலேயே பேசினால் உண்மையாகவே எழுதலாம் என்றாள். டாக்டருக்கு மனமில்லை. மூடுகிறார்கள் என்றதும் ஒத்துக்கொண்டார்.

அந்த ஏற்பாட்டில் முதலில் வந்தவள் டெஸ்ஸா நேப்பியர். கையில் இரண்டு மாதத்து எஸ்ரா. போன தடவை டாக்டரிடம் எல்லாம் கேட்டுவிட்டுப் போனவள், மாமியாரோடு சண்டை போட்டு, ஊசி போடுவதென்று முடிவுசெய்து வந்திருந்தாள். கக்குவான் இருமலுக்கான ஊசி என் கையில் தயாராக இருந்தது. அப்போது டாக்டர் உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். காய்ச்சல் வரலாம், தொடை வீங்கலாம், எப்போதாவது யாருக்காவது வலிப்புகூட வரலாம் என்று மறுபடி ஆரம்பித்தார்.

டெஸ்ஸா முகம் மாறியது.

"இதெல்லாம் போன தடவையே சொன்னீங்களே. இப்ப எதுக்குத் திரும்ப? யாருக்காவது ஏதாவது ஆயிருச்சா?"

இல்லவே இல்லை என்றார் டாக்டர். ஆனால் தான் எதற்காக வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியுமே, முகம் சிவந்துவிட்டது. டெஸ்ஸா அந்தச் சிவப்பைத்தான் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் யோசிக்கிறேன்" என்று சொல்லிப் பிள்ளையைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். நான் வாசல்வரை பின்னாலேயே போனேன். நான் பேசப் பேச அவள் நடை வேகமானது.

அந்தக் குளிர்காலத்தில் பள்ளத்தாக்கு முழுக்கக் கக்குவான் இருமல். எஸ்ராவுக்கும் வந்தது. இருமி இருமி நீலம் பாரித்தவனை ஹெலிகாப்டரில் லெக்சிங்டன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிரோடு திரும்பி வரவில்லை. ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பானா, அத்தனை சின்னப் பிள்ளைக்கு ஒரே ஊசி எவ்வளவு காக்கும், தெரியாது. தெரியாததுதான் என்னைத் தின்கிறது. அடக்கத்தன்று வெர்லீன் சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சவப்பெட்டி பக்கம் போகவில்லை.

பனி உருகியபிறகு டெஸ்ஸா மூத்தவள் ரெய்னாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எந்த ஊசி உண்டோ எல்லாவற்றையும் போடு என்றாள். டாக்டர் வாசலில் நின்றார், முக்காலிக்கு வரவில்லை. நான் போட்டேன். போகும்போது டெஸ்ஸா பில் ஜன்னலில் நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு டாக்டரம்மா எதுக்கு ரெண்டாவது தடவை சொன்னாங்க? அதக் கேட்டுத்தான் நான் பயந்துட்டேன். சொல்லாம இருந்திருந்தா போட்டுருப்பேன்."

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ரெய்னா ஊசி போட்ட கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியலடி கண்ணு" என்றாள் வெர்லீன்.

அவள் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.