செல்லில் இருந்த மெட்டு

அண்ணன் இறந்த பிறகு அவருடைய பழைய கீபோர்டு அண்ணி வீட்டிலேயே இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய கனம். ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் காவடிக் குழுக்களோடு அதைத்தான் வாசிப்பார். நானும் கூடப் போய் வாசித்திருக்கிறேன். சாவதற்கு முன் ஒரு மெட்டை அதில் பதிந்து வைத்திருந்தார். பாட்டு எழுதாத வெறும் மெட்டு. வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றியதும் அண்ணி பொத்தானை அழுத்துவார். அண்ணன் விரல்கள் வாசித்தது அப்படியே வரும். அவர் குரல் எதிலும் பதிவாகவில்லை. அண்ணிக்கு மிச்சம் இந்த மெட்டு ஒன்றுதான்.

போன மாதம் கீபோர்டைப் போட்டதும், பேட்டரி தீரப்போகிறது என்று அதன் சின்னத் திரையில் ஆங்கிலத்தில் வந்தது. கரண்டில் ஓடுகிற பெட்டிக்குப் பேட்டரி எதற்கு என்று எனக்கும் விளங்கவில்லை. நானும் அண்ணியும் ஆட்டோவில் ஏற்றி அரக்கோணத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாய் அடிப்பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே காசு மாதிரி வட்டமாக ஒன்று இருந்தது. மீட்டரின் கம்பிகளை அதன்மேல் வைத்துப் பார்த்தார்.

"இந்த செல்லுதாம்மா. கரண்டு இல்லாதப்போ உள்ள இருக்கறத மறக்காம வெச்சிகினு இருக்கறது இதான். உசுரு ஊசலாடிகினு இருக்குது. எப்ப மாத்தினாங்க?"

"தெரியாது பாய்" என்றார் அண்ணி.

பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"உங்க கொழுந்தனாரு வாயில வெத்தல கித்தல வெச்சிகினு இருக்காரா?"

"அவன் எப்பவும் அப்டிதான். பொண்ணு பாக்கப் போன எடத்துல, ஊமைப் பையனான்னு கேட்டுட்டாங்க."

பாய் சிரித்துக்கொண்டே பற்றவைக்கும் கம்பியைச் சூடேற்றினார். செல்லின் கால்கள் ஈயத்தால் ஒட்டப்பட்டிருந்தன. கம்பியை அருகில் கொண்டுபோனவர், நிறுத்திக் கேட்டார்.

"உள்ள இருக்கறதெல்லாம் செல்லுல இருக்குதுங்களா?"

"ஆங் பாய், எல்லாம் செல்லுலதான் இருக்குது" என்றார் அண்ணி.

எனக்கும் அது சரியான பதிலாகவே பட்டது. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார். கீபோர்டைப் போட்டதும் திரையில் அந்த எச்சரிக்கை வரவில்லை. அண்ணி பொத்தானை அழுத்தினார். சத்தமில்லை. மறுபடி அழுத்தினார்.

"அது அழிஞ்சிருக்கும்மா. போனைக் குடுங்க, அதுலேர்ந்து ஏத்திடலாம்."

"போனா?"

"செல்லுல பதிஞ்சு வெச்சிருக்கறதா சொன்னீங்களே?"

அண்ணி மேசைமேல் கிடந்த பழைய செல்லைக் காட்டினார். "நீங்க இதத்தான செல்லுன்னீங்க?"

பாய் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"இதையே திரும்ப வெச்சிடுங்க பாய்."

"எடுத்த ஒடனே போயிடும்மா. வெச்சாலும் வராது."

அப்படிச் சொன்னாலும் வைத்துப் பார்த்தார். வரவில்லை.

பிறகு என்னிடம் திரும்பினார். "உங்களுக்கு அந்த மெட்டு தெரியுமா? வாசிங்க. புதுசா பதிஞ்சுக்கலாம்."

வாசித்தேன். கேட்டுக் கேட்டு விரலில் ஏறிய மெட்டு. எங்கும் பிசகவில்லை. பாய்கூட நிம்மதியாகத் தலையாட்டினார்.

"இது இல்ல பாய்" என்றார் அண்ணி. "நடுவுல ஒரு எடத்துல அவரு தப்பா அழுத்திட்டு, நின்னு, திரும்பப் புடிப்பாரு. இவன் நேரா போறான்."

எந்த இடம் என்று எனக்குத் தெரியும். மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். அந்த இடம் வந்ததும் வேண்டுமென்றே தப்பான கட்டையை அழுத்தி, நிறுத்தி, திரும்பப் பிடித்தேன்.

நிமிர்ந்தபோது அண்ணி காதுகளைப் பொத்திக்கொண்டிருந்தார்.