பூட்டு என்று போன் சொன்ன கடை

நெடுங்கேணிச் சந்தைப் பக்கம் நீர்ப்பம்பிச் சாமான் விற்கிற நவ்பர், எடுத்த எடுப்பில் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. தேத்தண்ணி கொடுத்தால் சீனியை ஏன் இவ்வளவு அள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்று யோசிப்பார். பேரம் பேசாமல் காசை நீட்டுகிறவரைக் கண்டால் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். சந்தேகத்துக்கென்று ஒரு கடை போட்டிருந்தால் இந்நேரம் வவுனியாவில் மாடி கட்டியிருப்பார்.

அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வராது. தொண்ணூறாம் ஆண்டு, முஸ்லிம்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று சொல்லப்பட்டபோது, அவருடைய வாப்பா கச்சு முகம்மது முல்லைத்தீவில் இருந்த துணிக்கடையைப் பூட்டித் திறப்பைச் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். "நாளையிண்டைக்குத் திரும்பி வந்திரலாம்" என்றார். புத்தளத்து முகாமில் மௌத்தாகும்வரை அந்த நாளையிண்டைக்கு வரவேயில்லை. யுத்தம் முடிந்து நவ்பர் திரும்பியபோது கடை நின்ற இடத்தில் பற்றைதான் நின்றது. அதனால் நெடுங்கேணிக்கு வந்து புதிதாகத் தொடங்கினார்.

றோட்டுக்கு அந்தப் பக்கம் இளையதம்பியின் கடை. அவரும் பம்பிச் சாமான்தான் விற்கிறார். நவ்பர் கடை திறந்த அன்று ஏணி தந்தவர், தகரம் பிடித்தவர், வாழைக்குலை கொண்டுவந்தவர் எல்லாம் அவர்தான். ஒரே யாவாரம் செய்கிறவன் ஏன் இப்படி விழுந்து விழுந்து உதவுகிறான் என்ற கேள்வி அன்றைக்கே நவ்பரின் மனதில் முளைத்துவிட்டது.

ஒருநாள் புளியங்குளத்துக் கணபதி வந்தார். வயலும் கிணறுமாக இருக்கிற பழைய வாடிக்கைக்காரர். கடை வாசலில் நின்று ஆச்சரியமாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன நானா, கடை திறந்துதான் கிடக்கு? போனில தேடினன், நிரந்தரமா மூடியாச்செண்டு காட்டிச்சு. நான் வவுனியாவுக்குப் போய்ச் சாமான் எடுத்துப்போட்டன்."

நவ்பர் போனை வாங்கிப் பார்த்தார். தன் கடையின் பெயர், அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் 'நிரந்தரமாக மூடப்பட்டது'. வாப்பாவின் கடைக்குக்கூட இப்படி ஒருவரும் எழுதி ஒட்டவில்லை. வெளியூர்ச் சனம் கொஞ்சநாளாக ஏன் வரவில்லை என்பதும் அப்போதுதான் பிடிபட்டது. கிணற்றுத் தண்ணியை நம்பி விதைக்கிற சிறுபோகத்தில் பம்பிச் சாமான் விற்காவிட்டால் பிறகு கடையை உண்மையாகவே மூடவேண்டியதுதான்.

இரவுச் சாப்பாட்டில் மனைவி ஸாலிஹாவிடம் சொன்னார். "இது ஆரோ வேணுமெண்டு செய்த வேலை. ஆரெண்டும் எனக்குத் தெரியும்."

"இளையதம்பி அண்ணையையோ சொல்லுறியள்? அவர் பாவம். ஆற்றையும் குடியைக் கெடுக்கிற மனுசன் இல்லை."

"பாவம்தான். என்ர கடை பூட்டினா வாற சனமெல்லாம் அந்தப் பாவத்திட்டத்தானே போகும்."

அந்தக் கிழமையே சுரேகா என்றொரு பிள்ளை கழுத்தில் அட்டை தொங்க வந்தது. போனில் எதைக் கேட்டாலும் தேடித் தருகிற புதுக் கம்பனி ஒன்றின் ஆள். "எங்கட தேடலில உங்கட கடை திறந்துதான் இருக்கு நானா, பாருங்கோ" என்று போனைக் காட்டியது.

நவ்பரின் புருவம் ஏறியது. பழைய கம்பனியில் கடை பூட்டு, புதுக் கம்பனியில் திறப்பு. வீட்டைக் கொளுத்திவிட்டு வாளியோடு வருகிறார்களோ?

"இதில உங்களுக்கு என்ன லாபம் பிள்ளை? காசும் கேக்கிறேல்லை."

"சனம் என்ன தேடினாலும் எங்களிட்டத் தேடோணும் நானா. போனைத் திறந்தவுடன முதல்ல எங்கட தேடுற பெட்டி இருந்தாக் காணும்."

"அப்ப மற்றவையிட்டக் கேக்கக் கூடாது?"

பிள்ளை சிரித்தது. நவ்பருக்கு விளங்கிவிட்டது. கடல் தாண்டி எவ்வளவு பெரிய கம்பனிகளாக இருந்தாலும் கதை இந்த றோட்டுக் கதைதான். இரண்டு கடை, ஒரு வாடிக்கை, யாரிடம் முதலில் கேட்பது என்ற இழுபறி. புதுக் கம்பனியை நம்பவில்லை. ஆனாலும் போனில் ஏற்றிக்கொண்டார். "மூடின கடை, புதுக் கடை எது இருந்தாலும் நீங்களே இதில குடுக்கலாம். மற்றவையை விட நாங்கள் கெதியா மாத்துவம்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை போனது.

அந்தக் கடைசி வார்த்தை நவ்பருக்குள் கிடந்து ஊறியது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு இளையதம்பி குடும்பத்தோடு வெளிக்கிட்டுப் போக, எதிர்க்கடைக் கதவு சாத்திக் கிடந்தது. நவ்பர் போனை எடுத்து, எதிர்க்கடையின் பெயரைத் தேடி, 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்பதில் விரலை வைத்தார். நன்றி என்று போன் சொன்னது. அன்று அவருக்குச் சோறு ருசியாக இறங்கியது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும்.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் போய்விட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பிய நவ்பர், தன் பூட்டின கடை முன்னால் இளையதம்பி போனை நோண்டிக்கொண்டு நிற்பதைக் கண்டார். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோசம் அவருக்கு.

"என்ன செய்யிறியள் அண்ணை?"

இளையதம்பி திடுக்கிடவில்லை. பெருமையாகப் போனை நீட்டினார். "இதைப் பாரும் தம்பி. நீர் பள்ளிக்குப் போனாப் பிறகு நான் இதில வந்து குந்தினா, இந்தக் கடை மூடியிருக்கோ எண்டு இது கேக்கும். கிழமைக்குக் கிழமை நான் ஓம் எண்டு குடுக்கிறனான். தூரத்துச் சனம் வெயிலுக்க வந்து பூட்டைப் பாத்திட்டுப் போகக் கூடாதெல்லோ."

நெடுங்கேணியில் பள்ளிக்குப் போனாலும் கடை பூட்டு, பொங்கலுக்குப் போனாலும் பூட்டு, ஊரைவிட்டே போனாலும் பூட்டு. ஒரே சொல்தான். எந்தப் பூட்டு என்று இங்குள்ள மனுசருக்குத் தெரியும், போனுக்குத் தெரியவில்லை. சந்தேகப்பட்ட ஆள் சரி. ஆனால் செய்தது துரோகமில்லை.

"ஒண்டு சொல்லோணும் தம்பி" என்று இளையதம்பி குரலைத் தாழ்த்தினார். "பொங்கலுக்குப் பிறகு என்ர பக்கம் வெளியூர்ச் சனம் ஒண்டும் வருகுதில்லை. ஆற்றையோ கைவேலை எண்டு மனுசி சொல்லுறா. அண்டைக்கு வந்த பெட்டையின்ர கம்பனியில எனக்குச் சந்தேகம். நீர் என்ன நினைக்கிறீர்?"

"ஓம், இருக்கும்" என்று நவ்பரின் வாய் தன்பாட்டில் சொன்னது. சொன்ன கையோடு அவருக்குத் தன்னையே பிடிக்காமல் போனது.

கடைக்குள் போய்ப் போனைத் திறந்து, எதிர்க்கடை திறந்திருக்கிறது என்று கொடுத்தார். மூடும்போது ஒன்றும் கேட்காத போன், இப்போது கடை திறந்திருப்பதற்குப் படம் கேட்டது. வெளியே வந்து றோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று போனை உயர்த்தினார். எதிரே, தன் கடைக்குத் திரும்பியிருந்த இளையதம்பி கண்டுவிட்டார். படம் எடுக்கிறார்கள் என்றதும் சேட்டுப் பொத்தானைப் பூட்டி, தலைமயிரைத் தடவி, கடை வாசலில் நிமிர்ந்து நின்றார்.

"எதுக்குத் தம்பி படம்?"

நவ்பர் போனை இறக்கினார். "உங்கட கடையைப் போனில பூட்டினது நான்தான் அண்ணை. வேணுமெண்டுதான் செய்தனான்."

இளையதம்பி விழுந்து விழுந்து சிரித்தார்.

"நீரோ? விசர்க் கதை கதைக்காதையும். வடிவா எடும்."